கலப்பினப் பேருந்து: சொல்லும் புகையும்

'ஹைபிரிட்' பேருந்தைக் 'கலப்பினப் பேருந்து' என்று எழுதும் வழக்கம் தமிழ் ஏடுகளில் பரவியுள்ளது. இச்சொல் பொருத்தமானதா என்பது ஆராயத்தக்கது. வல்லினம், மெல்லினம் என எழுத்துக்கும் இனம் கூறும் மரபு நமக்குண்டு. ஆயினும் கலப்பினம் என்ற அளவில் ஆவும் நெல்லுமே நினைவுக்கு வரும். டீசல் எந்திரமும் மின்பொறியும் ஒரு வண்டியில் சேர்ந்திருத்தல் இனக்கலப்பு ஆகாது. எனினும் மொழிபெயர்த்தார்மேல் முழுப்பழியும் சுமத்துதல் முறையன்று. இலத்தீனில் அச்சொல் முதலில் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியையே குறித்தது. மூலத்துப் பன்றி தமிழுக்கும் உடன்வந்துவிட்டது, அவ்வளவே. 'ஈராற்றல் பேருந்து' என்பது பொருளை நேரே காட்டும்.

இதனினும் பெரிய குறை 'புகை' என்னும் சொல்லில் இருக்கிறது. இவ்வண்டி புகையைக் குறைக்கும் என்று எழுதி அமைகின்றனர். எந்தப் புகை? டீசல் எரிந்து வெளிவருவன பல. கரியமில வாயு உலகின் வெப்பத்தை மிகுவிப்பது. எரிபொருள் குறைந்தால் அதுவும் குறையும். நைட்ரஜன் ஆக்சைடுகளோ அருகில் நிற்பவரின் மூச்சுக்குழலைத் தாக்குவன. தெருவில் அவை கண்ணுக்குப் புலப்படா. இவ்விரண்டும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்குவன அல்ல.

ஈராற்றல் வண்டி நிற்கும்போது வீணாகும் இயக்க ஆற்றலை மின்கலத்தில் சேர்த்துப் புறப்படும்போது செலவிடுகிறது. ஆகவே நிறுத்தங்கள் நெருங்கிய நகரத் தெருவில் எண்ணெய்ச் செலவு நன்கு குறையும். இது மறுக்கலாகாத நன்மை. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடை அழிக்க வெளிபோக்குக் குழாயில் அமைத்த வினையூக்கி சூடாக இருந்தாலன்றி வேலை செய்யாது. ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் திறன் பெரிதும் தளர்கிறது. எந்திரம் அடிக்கடி ஓய்ந்தால் குழாய் ஆறிவிடும். எண்ணெயைச் சேமிக்கும் அதே ஓய்வு, நஞ்சை மிகுவிக்கவும் கூடும். பழைய டீசல் வண்டியும் நெரிசலில் ஊர்ந்தால் இவ்விடரினின்று தப்பாது.

இவ்வுண்மை ஆய்வுக்கூடத் தாளில் எளிதில் தெரிவதில்லை. 2015இல் வோல்க்ஸ்வேகன் கார்கள் சோதனைக்கு ஒரு முகமும் சாலைக்கு ஒரு முகமும் காட்டியது அம்பலமானதை உலகறியும். பேருந்துகளைப் பொறுத்தவரை யூரோ 6 விதி சாலையிலேயே கருவி பொருத்தி அளக்கச் சொல்லிற்று. நல்ல ஏற்பாடு. ஆனால் எந்திரத்தின் சராசரி ஆற்றல் உச்ச ஆற்றலில் 20 விழுக்காட்டுக்குக் குறைந்த பகுதிகளை அவ்விதி தொடக்கத்தில் கணக்கினின்று விலக்கியது. பின்னரே அவ்வரம்பு 10 விழுக்காடாகத் தாழ்ந்தது. நகரப் பேருந்தின் வாழ்நாளில் பெரும்பகுதி எதுவோ, அதுவே விலக்கப்பட்டது! நீச்சல் தேர்வில் தண்ணீரைத் தவிர்த்தது போன்ற விந்தை இது. இலண்டனார் 159ஆம் தடத்தின் ஓட்டத்தையே ஆய்வுக்கூடத்தில் பின்பற்றிச் சோதித்தது இதனினும் நேர்மையான வழி எனலாம்.

பாகான் டாலாம் போன்ற இடத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தமிழர் பலர் வாழும் இப்பகுதிக்கு அருகில் துறைமுகச் சரக்குந்துகளும், 2018இல் திறக்கப்பெற்ற பினாங்கு சென்ட்ரல் நிலையத்துப் பேருந்துகளும் நாள்தோறும் உறுமுகின்றன. 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தின்மேல் நில்லாது ஓடும் வண்டிக்கு ஈராற்றலால் ஆதாயம் சிறிதே. ஊருக்குள் நின்று நின்று செல்லும் வண்டிக்கே அது மிகுதி. சிங்கப்பூர் 2018 இறுதியில் 50 ஈராற்றல் பேருந்துகளை ஓடவிடத் தொடங்கியது. அங்குப் பெற்ற எண்ணை இங்கு அப்படியே பெயர்த்தெழுதுதல் ஆகாது.

தீவுப்பகுதியில் இதற்கு முன்னோடி ஒன்றும் உண்டு. ஜார்ஜ் டவுனில் 1925 முதல் 1961 வரை மேல்கம்பியில் மின்சாரம் பெற்று டிராலி பஸ்கள் ஓடின. தெருவில் அவை புகை கக்கியதில்லை. எரிபொருள் மின்நிலையத்தில் எரிந்தது. புகை அழியவில்லை, இடம் மாறிற்று. இன்றைய மின்பேருந்தைப் போற்றுவோரும் இவ்வேறுபாட்டைக் கூற வேண்டும்.

'முப்பது விழுக்காடு குறைவு' என்று வகுப்பில் படிக்கக் கேட்கும் மாணவன், எந்த வளி, எந்தத் தடத்தில், எத்தனை நிறுத்தங்களில், குளிர்சாதனம் இயங்கும்போதா நிறுத்தியபோதா என்று வினவினால், இப்பொழுது எழுதப்படும் கட்டுரைகளைக் கொண்டு ஆசிரியர் விடையிறுக்க இயலாது.