‘எங்கள் குழாயில் கசிவு இல்லை’

செய்திக்குறிப்புகளை இலக்கியம் மாதிரி உட்கார்ந்து படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. எண்ணூரில் நடந்த மூன்று விபத்துகளுக்குப் பிறகு பொறுப்பில் இருந்தவர்கள் என்ன பேசினார்கள் என்று இந்த வாரம் வரிசையாகப் பார்த்தேன். மூன்றும் மூன்று விதமாகத் தோற்றிருக்கின்றன. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. 2017 ஜனவரி 28, விடியாத நேரம். எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் கப்பலும், உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் கப்பலும் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டன. யாருக்கும் காயமில்லை, எண்ணெய் மாசு போன்ற பாதிப்பும் இல்லை என்பதுதான் அரசுத் தரப்பு முதலில் சொன்னது. பிறகு எர்ணாவூர்ப் பாறைகளில் கறுப்புக் குழம்பு வந்து ஒட்டியது. பக்கெட்டில் அள்ளினார்கள். ஆரம்பத்தில் 20 டன் அளவில் பேசப்பட்ட கசிவு, பிந்தைய கணக்குகளில் ஏறத்தாழ பத்து மடங்கானது.

இதைப் பொய் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதைவிட அந்த வாக்கியத்தின் அமைப்புதான் முக்கியமாகப் படுகிறது. மோதிய சில மணி நேரத்தில் ‘மாசு இல்லை’ என்று யாரால் சொல்ல முடியும்? ‘இதுவரை எங்கள் கண்ணில் படவில்லை’ என்று வேண்டுமானால் சொல்லலாம். இரண்டும் ஒன்றல்ல. தமிழில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு விகுதியே இருக்கிறது. ‘வலையில எண்ணெ ஒட்டுதாம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் கேள்விப்பட்டதைச் சொல்கிறார். ‘ஒட்டுது போல’ என்றால் ஊகம். ‘ஒட்டுது, நான் பாத்தேன்’ என்றால் சாட்சி. கரையில் பேசுகிறவர்கள் தனக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தே பேசுகிறார்கள். ஆபீஸ் தமிழில் முதலில் உதிர்வது இந்த ‘ஆம்’தான். எல்லாம் ‘உள்ளது’, ‘இல்லை’, ‘எடுக்கப்பட்டு வருகிறது’. யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்பதற்கு அதில் இடமே கிடையாது.

இரண்டாவது இன்னும் சுவாரஸ்யம். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறங்கி, படகு, வலை, வீட்டுச் சுவர் என்று எல்லாவற்றிலும் படிந்தது. மணலி சுத்திகரிப்பு நிலையமான சி.பி.சி.எல். சொன்னதன் சாரம்: எங்கள் குழாய்களில் கசிவு இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது வேறு: அந்த வளாகத்தில் மழைநீரைக் கையாண்ட விதம் போதவில்லை, தேங்கிய நீரோடு எண்ணெயும் வெளியேறியது.

கவனியுங்கள், இரண்டுமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். குழாய் உடையாமலே எண்ணெய் வெளியேறலாம். அப்படியென்றால் நிறுவனம் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. ஆற்றங்கரையில் நின்றவர் கேட்டது ‘இது யார் வீட்டு எண்ணெய்?’ என்று. அவருக்குக் கிடைத்தது குழாயின் உடல்நலச் சான்றிதழ். என்னைக் கேட்டால் இது 2017-ஐ விட மோசம். அவசரத்தில் தப்பாகச் சொன்னவரை மன்னித்துவிடுவார்கள். வார்த்தையை அளந்து, ஒரு எழுத்தும் பொய்யாகாமல் நழுவுகிறவரை மன்னிப்பது கஷ்டம்.

வக்கீல்களின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். விபத்தன்று பேசும் ஒவ்வொரு வாக்கியமும் நாளை பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆவணமாகும், காப்பீட்டுக்காரர் கையில் ஆயுதமாகும். அதனால்தான் குறைவாகப் பேசச் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் குறைவாகப் பேசுவது வேறு, முடித்துவைத்துப் பேசுவது வேறு. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தில், காலையில் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்ன பென்சில்வேனியாவின் துணை ஆளுநர், நிறுவனம் முதலில் சொன்னதைவிட நிலைமை சிக்கலானது என்று மாலையே மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து ஜனாதிபதி கார்ட்டர் அனுப்பிய ஹெரால்ட் டென்டன்தான் ஜனங்கள் நம்பக்கூடிய ஆளானார். பேச்சில் பெரிய மன்னர் ஒன்றும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார்.

மூன்றாவது, அதே 2023 டிசம்பர், 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி. கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பத்தில் நெடி எழும்பி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில். குறுகிய நேரத்தில் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்றது நிறுவனம். எதன் இயல்பு நிலை? குழாயுடையது. மறுபடியும் குழாய்!

இங்கே வாரியம் வெளியிட்ட எண்களைப் பாராட்ட வேண்டும். ஆலை வாசல் அருகே காற்றில் 2090 மைக்ரோகிராம், வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. எண்ணையும் அளவுகோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் யாருக்கும் புரிந்தது. சின்னக் குறை ஒன்று. 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. ஒரு நேரத்து அளவீட்டை அதனோடு அப்படியே ஒப்பிட முடியாது. அதை ஒரு வரியில் அவர்களே விளக்கியிருந்தால், பிறகு யாரும் அந்த எண்ணைத் தட்டிவிட முடியாது. எப்படியும் அன்றிரவு ஓடியவர்கள் எண்ணுக்காகவோ அறிவிப்புக்காகவோ காத்திருக்கவில்லை. மூக்கை நம்பி ஓடினார்கள். மணமில்லாத ஏதாவது கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

வெறுமனே குறை சொல்லக் கூடாது என்று, 2017 விடியற்காலைக்கான குறிப்பை நானே எழுதிப் பார்த்தேன்:

‘இன்று அதிகாலை துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஆட்களுக்குக் காயமில்லை. எண்ணெய்த் தொட்டி உடைந்திருக்கிறதா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. வெளிச்சம் வந்ததும் பார்த்துவிட்டு 10 மணிக்கு, எதுவும் கிடைக்காவிட்டாலும், மறுபடி சொல்கிறோம். அதுவரை வலை போட வேண்டாம்.’

துறைமுக வேலை தெரிந்த நண்பருக்குக் காட்டினேன். எல்லாம் சரி, கடைசி வரியை எடுத்துடு என்றார். ஏன் என்றேன். ‘வலை போடாதேன்னு நீயே சொல்லிட்டா, அன்னிக்குப் பாட்டுக்குக் காசு கேப்பாங்கப்பா.’

கேட்பார்கள்தான்.