காலி இடம்

ஆடி மாதத்தில் திருவேற்காட்டுக்கு வருகிறவர்கள் கருமாரியம்மனைத் தரிசிக்கும் முன்பு ஐம்பது கருமாரிகளையாவது கடந்து வர வேண்டும். எல்லாம் பிளக்ஸ் பலகைகள். பஸ் வரும் வரையில் வேறு வேலை இல்லாததால் அவற்றில் ஒன்றை நின்று பார்த்தேன். நடுவே அம்மன் முகம். அதைச் சுற்றி வேப்பிலை, தீச்சட்டி, கோபுரம், மின்னல். மிச்சமிருந்த இடுக்குகளில் உபயதாரர்கள், கைக்கடிகாரம் தெரியும்படி கும்பிட்டுக்கொண்டு. எழுத்து சிவப்பு, அதற்கு மஞ்சள் கரை, கரைக்கு ஒரு கறுப்பு நிழல். எல்லாம் இருந்தது, அம்மனைத்தான் காணவில்லை. கண் அவளிடம் போய்ச் சேர வழி விடவில்லை.

டென்மார்க் தேசத்து மனோதத்துவ அறிஞர் எட்கர் ரூபின் 1915-ல் வெளியிட்ட ஆராய்ச்சியால் பிரசித்தமான படம் ஒன்று உண்டு. பூ ஜாடி என்று பார்த்தால் ஜாடி. அதன் இரு பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்தால் ஒன்றையொன்று நோக்கும் இரண்டு முகங்கள். இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்க முடியாது. நடுவே ஓடும் கோடு ஒரு சமயத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தமாகிறது. கோட்டைப் பெற்ற பக்கம் உருவமாகி முன்னே வருகிறது. இழந்த பக்கம் வடிவமற்றுப் பின்னே போய், உருவத்துக்கு அடியிலும் தொடர்ந்து விரிந்து கிடப்பதாகத் தோன்றுகிறது. ஆக, பின்னே போகச் சம்மதிக்க ஏதாவது ஒன்று வேண்டும். நமது பலகையிலோ மின்னல் முதல் உபயதாரர் வரை யாருக்கும் அந்தச் சம்மதம் இல்லை.

இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது தாராசுரத்தைச் சொல்வார்கள். இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த கோயிலில், யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம். அபாரமான வேலைதான், ஆனால் அது வேறு வித்தை. அங்கே பின்னணிக் கல் கடைசி வரை பின்னணிக் கல்லாகவே இருக்கிறது.

எனக்கு வேண்டிய உதாரணம் திருவேற்காட்டிலேயே, அம்மன் கோயில் கூட்டத்துக்கு ஒதுங்கி, வேதபுரீசுவரர் கோயிலில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். கருவறையில் லிங்கத்துக்குப் பின்னே சிவனும் பார்வதியும் மணக்கோலத்தில் இருக்கிறார்கள். அகஸ்தியருக்குக் காட்டிய கோலம் என்பது ஐதிகம். திருமறைக்காட்டிலும் இப்படி உண்டு. வெளியே நின்று இருட்டுக்குள் பார்க்கிறவனுக்கு முதலில் லிங்கம் மட்டும்தான். பின்னால் இருப்பதைச் சுவர் என்று கண் எடுத்துக்கொள்கிறது. குருக்கள் தீபத்தை உயர்த்துகிறார். அந்தச் சுவர் மணமக்களாகி முன்னே வருகிறது. தீபம் இறங்கியதும் மறுபடி லிங்கம். அதற்குள் பக்கத்தில் நிற்பவரின் தோள் மறைத்துவிட்டால் மறுநாள்தான். ஒரு டியூப்லைட் போதும், இதைக் கெடுத்துவிட.

இந்த இருட்டின் வேலையைக் காகிதத்தில் வெள்ளையைக்கொண்டு செய்தவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் காந்தியைக் கறுப்பு மையில் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார். கோட்டுக்கு உள்ளே விட்ட வெள்ளை கதராகிறது. வெளியே விட்ட அதே வெள்ளை வெயிலாகிறது. பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் அவர் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகளிலும் இதே கணக்குத்தான். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் ஒரு சுழி, அந்தச் சுழியோ மை வளைத்துப் பிடித்த வெள்ளை. எழுத்தைத் தடிக்க வைத்து வெள்ளையை அடைத்துவிட்டால் அண்ணன் அன்னனாகிவிடுவான். பிளக்ஸ் பலகைகளில் தினமும் ஆகிக்கொண்டிருக்கிறான். ஆதிமூலத்தைப் பின்பற்றியவர்கள் பலரும் அவருடைய எழுத்தின் கோணலை எடுத்துக்கொண்டு வெள்ளையை விட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். கோணல் சுலபம்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை கொஞ்சம் குறைவு. என் இரண்டாவது நாவலுக்கு ஓர் இளைஞர் அட்டைப்படம் கொண்டுவந்தார். கீழ் ஓரத்தில் சின்னதாக ஓர் ஓட்டு வீடு. மேலே முழுக்கச் சாம்பல் நிறம்.

“இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே, தம்பி?” என்றேன். காலி மனையைக் கண்டால் கல் நடத் தோன்றுகிற புறநகர்வாசியின் புத்தி.

“மழை வரப்போகிறது, சார்” என்றார் அவர், அந்த இடத்தைக் காட்டி.

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. நான் வற்புறுத்தியதில், வானம் இருந்த இடத்தில் பெரிதாக ஒரு பெண்ணின் முகத்தை வரைந்து கொடுத்துவிட்டுப் போனார். புத்தகம் அந்த முகத்தோடுதான் வந்தது. நாவலில் அப்படி ஒரு பெண் கிடையாது. அவள் யார் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.