அரண்மனை இல்லாத தெரு

சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது. அரண்மனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஆர்மீனியன்' நம்ம ஆட்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது என்பார்கள். அங்கே இருக்கிற ஆர்மீனிய மாதா கோயிலைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே டெம்ப்ளேட்தான்: பழைய மரக்கதவு, அமைதியான முற்றம், மறைந்துபோன சமூகம், கடைசியில் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

1712இல் முதலில் கட்டி, 1772இல் மறுபடி கட்டிய சர்ச். ஆர்மீனிய மலைகளின் செதுக்கிய கல்லையும் கூம்புக் கூரையையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வெள்ளையடித்த சுவர், தாழ்வாரம், கால் வைக்கிற இடமெல்லாம் கல்லறைக் கல். ஆறு மணிகள் தொங்கும் கோபுரம் பக்கத்தில் தனிக் கட்டடமாக நிற்கிறது. லண்டனில் வார்த்த மணிகள் உண்டு. தமிழ் எழுத்து பொறித்த மணியும் உண்டு. சொந்த நாட்டுக் கட்டடத்தை அப்படியே நகலெடுக்க இவர்கள் மெனக்கெடவில்லை.

ஏன்? அவர்கள் நாட்டைக் காகிதத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது என் வாசிப்பு. சர்ச் திரும்ப எழுந்த அதே காலத்தில், வணிகர் ஷாஹாமிர் ஷாஹாமிரியானின் அச்சகம் மெட்ராஸில் இயங்கத் தொடங்கியது. அங்கே அச்சான ஒரு நூல், சுதந்திர ஆர்மீனியாவுக்கான அரசியல் சட்டம். மன்னர் கிடையாது, தேர்ந்தெடுத்த சபை, ஆள்பவரையும் கட்டும் சட்டம். அன்றைக்கு ஆர்மீனியா ஒட்டோமான்களுக்கும் பாரசீகத்துக்கும் நடுவே பங்கு பிரிந்து கிடந்தது. இல்லாத மெஷினுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிற வேலை. (நூலில் 1773 என்றிருக்கிறது, அச்சானது 1780களின் கடைசியில் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. 'அமெரிக்காவுக்கு முன்னாடியே' என்று ஸ்டேட்டஸ் போட அவசரப்படாதீர்கள்.)

1794இல் பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோனியன் 'அஸ்தரார்' மாத இதழைத் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் யெரெவானில் வரவில்லை, நம்ம ஜார்ஜ் டவுன் பக்கம் வந்தது. சுமார் ஒன்றரை வருஷம் ஓடி நின்றது. அவர் புதைந்திருப்பது இந்தச் சர்ச்சில்தான்.

இவர்களை 'வந்தார்கள், வியாபாரம் செய்தார்கள், மறைந்தார்கள்' என்று எழுதுவது சோம்பேறித்தனம். இன்று நகரில் ஆர்மீனியச் சமூகம் இல்லை, உண்மைதான். ஆனால் பிழைக்க வந்த ஊரில் உட்கார்ந்து, காசைப் போட்டு, இல்லாத நாட்டுக்குச் சட்டம் அச்சடித்தவர்களைப் பற்றிச் சொல்ல நமக்குக் கிடைத்தது பெருமூச்சு மட்டும்தானா? அவர்கள் நினைத்த குடியரசு 1918இல்தான் வந்தது. அதுவும் 1920க்கு மேல் நிற்கவில்லை. மறுபடி சுதந்திரம் கிடைக்க 1991 ஆனது. மரக்கதவுக்கு மூன்று பத்தி ஒதுக்குகிற கட்டுரைகள் ஷ்மாவோனியனுக்கு ஒரு வரி தருகின்றன. ஷாஹாமிரியானுக்குப் பல சமயம் அதுவும் இல்லை.