அகுஸ்தீனாரின் ‘ஒப்புதல்கள்’: தன்னாய்வும் அதன் எல்லையும் – ஒரு நோக்கு

கிறிஸ்தவ வாழ்விலே தன்னாய்வுக்குரிய இடத்தை ஆராய்வோர் முதலிற் சுட்டும் நூல் அகுஸ்தீனாரின் ‘ஒப்புதல்கள்’ ஆகும். கி.பி. 397 அளவில் எழுதத் தொடங்கப்பெற்ற இவ்விலத்தீன் நூல் 13 பகுதிகளை உடையது. வட ஆபிரிக்காவின் தகாஸ்தே நகரில் 354இற் பிறந்து, சொற்கலை ஆசிரியராக மிலான் நகரை அடைந்து, 386இல் மனந்திரும்பி, அடுத்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்று, பின்னர் ஹிப்போவின் ஆயரான ஒருவர், தம் வாழ்வை இறைவனை முன்னிலைப்படுத்திக் கூறுவதாக அது அமைந்துள்ளது. நூற்பெயராகிய இலத்தீன் சொல் பாவத்தை அறிக்கையிடுதலையும் இறைவனைப் புகழ்தலையும் ஒருங்கே குறிக்கும். தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் ‘பாவசங்கீர்த்தனம்’ என்னும் தொடரிலும் புகழ்ந்தோதுதல் என்ற பொருளுடைய சொல்லொன்று உறைந்திருத்தல் மனங்கொள்ளத்தக்கது.

நூலைக் கற்போர் பலர் எட்டாம் பகுதியின் தோட்டக் காட்சியோடு நின்றுவிடுகின்றனர். மனந்திரும்புதல் அங்கே நிகழ்ந்துவிடுவதால் அதற்குமேல் யாதுமில்லை என்பது அவர்தம் எண்ணம் போலும். ஆயின் நூலின் துணிவு பத்தாம் பகுதியிலேயே வெளிப்படுகின்றது. ஆயராகிவிட்ட ஒருவர் தம் கனவுகள் இன்னும் தூய்மையுறவில்லை என்கிறார். ஆலயப் பாடலிற் பொருளைவிட இசையே தம்மை ஈர்க்கின்றதோ என ஐயுறுகிறார். பிறர் புகழுரையை உள்ளம் விரும்புவதை மறைக்கவில்லை. முயலைத் துரத்தும் நாயும் ஈயைப் பிடிக்கும் பல்லியுங்கூடத் தம் சிந்தையைச் சிதறடிப்பதாக எழுதுகிறார். ஆன்மிக மாற்றம் ஒரு நாளில் முடிந்துபோகும் நிகழ்ச்சி அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இத்தகைய நேர்மையாளரின் கண் ஓரிடத்திற் பிறழ்வதும் நோக்குதற்குரியது. 16 வயதளவிலே தோழரோடு கூடிப் பேரிக்காய் திருடிய செய்தியை இரண்டாம் பகுதியிற் பல அதிகாரங்களிற் பகுத்தாராய்கிறார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் தம்மோடு வாழ்ந்து, அதெயொதாத்துஸ் என்னும் மகனையும் பெற்றெடுத்த பெண்ணைப் பிரிந்த வரலாறோ ஆறாம் பகுதியிற் சில வரிகளுள் அடங்கிவிடுகின்றது. மணவயது எய்தாத ஒரு சிறுமியோடு அவருக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. அதற்கு இடையூறென அப்பெண் அகற்றப்பட்டாள். வினை செயப்பாட்டுவினையாக அமைய, அகற்றியவர் யார் என்பது சொல்லப்படாமலே போகின்றது. பேரிக்காய்த் திருட்டில் ‘நான்’, ‘நான்’ என்று முன்வந்து நின்ற எழுவாய் இங்கே மறைந்துகொள்கின்றது.

அவளது பெயர் கூறப்படாமையை மட்டுங்கொண்டு அவரைக் குற்றஞ் சாட்டுதல் பொருந்தாது. நான்காம் பகுதியில் அவர் அழுதரற்றும் நண்பனுக்கும் பெயரில்லை. தாய் மொனிக்காவின் பெயரே நூல் முழுவதிலும் ஒருமுறைதான் வருகின்றது. உண்மையான குறை வேறு. பிரிவினால் தம் நெஞ்சுற்ற காயத்தை அவர் உருக்கமாகக் கூறுகிறார். மகனை விட்டு ஆபிரிக்காவுக்குத் தனியே திரும்பியவளின் காயத்தைக் கேட்டறிய முற்படவில்லை. இறைவன் முன் தன்னை ஆராய்பவன் தன்னால் ஊறுபட்டவரை மறந்துவிடக்கூடும் என்ற இடர் இவ்வகை எழுத்துக்கு என்றும் உண்டு.

எனினும் அவருக்கெதிரான சாட்சியத்தை விட்டுச் சென்றவரும் அவரே. வேறோர் ஆடவனை நாடேன் என அவள் நேர்ந்துகொண்டதையும், அவளைப் பின்பற்ற இயலாத தாம் காத்திருக்கும் பொறுமையின்றி இன்னொருத்தியை நாடியதையும் அவர் மறைக்கவில்லை. அவ்விடத்தில் உயர்ந்து நிற்பவள் அவளே.

ஏறத்தாழ 401இல் எழுதிய ‘திருமணத்தின் நன்மை’ என்னும் நூலில் இதே நிலை மீண்டும் வருகின்றது. செல்வத்துக்கோ தகுதிக்கோ ஏற்ற மனைவி கிடைக்கும்வரை ஒருத்தியோடு வாழும் ஆடவன், அவளுக்கெதிராகவே உள்ளத்தில் விபசாரஞ் செய்பவன் என்று அங்குத் தீர்ப்பளிக்கிறார். அவனுக்கு உண்மையாயிருந்து, அவன் பிரிந்தபின்னும் மணஞ் செய்யாதிருக்கும் பெண்ணை மணமான மாதர் பலருக்கும் மேலாக வைக்கிறார். ‘ஒப்புதல்கள்’ கூறாது விட்ட தீர்ப்பு இதுவே எனக் கருத இடமுண்டு. ஆனால் அங்கே ‘நான்’ இல்லை. ‘ஒருவன்’ என்றே எழுதுகிறார்.