இரண்டு அடுப்புக்கும் இடம்

கல்வராயன் மலையில் சிலிண்டர் வந்த வீடுகளிலும் விறகடுப்பு ஓய்ந்துவிடவில்லை. அவசரத் தேநீருக்கு காஸ். வெந்நீருக்கும் சாமைச் சோற்றுக்கும் விறகு. ‘முக்கிய எரிபொருள் எது?’ என்று ஒற்றை விடை கேட்கும் படிவத்தில் அப்படிப்பட்ட வீடு பாதிதான் பதிவாகும்.

புனேயின் பிரயாஸ் எரிசக்திக் குழு உருவாக்கி, 2021-இல் திறந்த மூலமாக வெளியிட்ட ‘ரூமி’ மென்பொருளில் என்னை மயக்கியது இந்த இடம்தான். நிலக்கரி எவ்வளவு வேண்டும், சூரிய மின்சாரம் எவ்வளவு சேர்க்கலாம் என்று நாட்டுக்கே திட்டமிட உதவும் கருவி அது. ஆனால் கணக்கை வீட்டிலிருந்து தொடங்குகிறது. எத்தனை யூனிட் என்று எடுத்ததும் கேட்பதில்லை. சமையலா, வெளிச்சமா, குளிர்ச்சியா என்று தேவையைக் கேட்டு, எந்தெந்தச் சாதனத்தால் அது நிறைவேறுகிறது என்று பிறகு விசாரிக்கிறது. அங்கே காஸையும் விறகையும் ஒரே வீட்டின் கணக்கில் சேர்த்தெழுத வழி வைத்திருக்கிறார்கள். அடுப்படியைப் பார்த்த யாரோதான் இதை யோசித்திருக்க வேண்டும்!

இன்னொரு நயம், காலத்தை அளக்கும் விதம். நிலக்கரியைக் குவித்து வைக்கலாம். ஆண்டுக் கணக்கு போதும். மின்சாரத்துக்கு அது ஆகாது. தமிழ்நாட்டில் காற்றாலைகள் தென்மேற்குப் பருவத்தில்தான் அதிகம் சுழல்கின்றன. கச்சிராயப்பாளையம் சர்க்கரை ஆலையில் எரிபொருளாகும் கரும்புச் சக்கை குவிவது அரவைக் காலத்தில். சூரியனோ பகலில் மட்டும். ரூமி மின்சாரத்தைப் பருவம், நாளின் வேளை என்று நுண்ணிய சல்லடையிலும், நிலக்கரியைப் பெருஞ்சல்லடையிலும் சலிக்க விடுகிறது. எல்லாவற்றையும் மணிக்கணக்கில் நறுக்கித் தன் திறமையைக் காட்டும் ஆசை அதற்கு இல்லை. (சுருக்கத்தின் அழகு வேண்டுமென்பவர்கள், 2011-இல் ஆய்வுக் கட்டுரையாக அறிமுகமான ‘ஒசிமோசிஸ்’ என்ற இன்னொரு எரிசக்தித் திட்டமிடல் கருவியைப் பார்க்கலாம், அதன் உயிர் சில நூறு நிரல் வரிகள்தான்.)

ரூமியின் மேல் பிரயாஸ் கட்டிய ‘பியர்’ என்ற இந்திய மாதிரி, வீடுகளை மாநிலவாரியாகவும், கிராமம் நகரம் என்றும், செலவுத் திறனில் ஐந்து படிகளாகவும் பிரிக்கிறது. சராசரி இந்தியர் என்ற ஆளில்லாத ஆளை நம்பாதது நல்லது. ஆனாலும் ‘தமிழ்நாடு, கிராமம்’ என்ற பெட்டிக்குள் கள்ளக்குறிச்சிச் சமவெளியின் நெல்வயல் ஊரும் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையும் ஒன்றாகிவிடுகின்றன. இது எனக்கு உறுத்துகிறது. ஆயினும் அந்தப் பெட்டி பூட்டப்பட்டதல்ல. உள்ளீடுகள் சாதாரண அட்டவணைக் கோப்புகள்; மாநிலத்துக்குக் கீழே இறங்கவும் இடமுண்டு. மலை வீடுகளின் விறகுக் கணக்கை யாராவது எடுத்துவந்தால், தனி வரிசை சேர்த்து, மின் அடுப்பு வந்தால் எந்த வேலைக்கு விறகு மிஞ்சும் என்று ஓட்டிப் பார்க்கலாம்.