ஒரே சுருதி, மூன்று தாள்கள்

பனிமய மாதா திருவிழா கொண்டாடும் தூத்துக்குடியில் கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் அறிமுகம் வேண்டியதில்லை. ஆனால் பேண்டு வாத்தியத்தின் ஆரவாரத்தில் இந்தக் கருவிகளின் பாதி அழகுதான் தெரியும். மீதியைக் கேட்க, பியானோவை மட்டும் துணைக்கு வைத்து வாசிக்கவிட வேண்டும். அப்படி வாசிக்க எழுதுவது ஒரு தனிக் கலை.

பியானோவும் இவையும் ஒரே கணக்கில் பேசுவதில்லை. தாளில் சி என்று இருந்தால் பியானோவில் சி-யே ஒலிக்கும். பி பிளாட் கிளாரினெட்காரர் அதே சி-யை ஊதினால் ஒரு முழுச் சுரம் இறங்கி பி பிளாட் வரும். ஆல்ட்டோ சாக்ஸபோனில் இன்னும் கீழே போய் இ பிளாட் வரும். ஆகவே எஃப் மேஜர் பாட்டு ஒன்றைக் கிளாரினெட்டுக்கு ஜி மேஜரிலும் ஆல்ட்டோவுக்கு டி மேஜரிலும் எழுதித் தர வேண்டும். தாள்கள் மூன்று, காதில் விழும் சுருதி ஒன்று.

நம் இசை கேட்டவர்களுக்கு இதில் மலைக்க ஒன்றுமில்லை. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் ச என்பது ச-தான். திமிரி நாகசுரத்தை வைத்துவிட்டு நீளமான பாரியை எடுக்கும் வித்வான் விரலை மாற்றிப் பழகுவதில்லை, சுருதிதான் இறங்குகிறது. பி பிளாட் கிளாரினெட்டை வைத்துவிட்டு ஏ கிளாரினெட்டை எடுப்பவருக்கும் இதே சலுகை. விரலுக்கு மிச்சமாகும் பாரத்தை எழுதுபவர் சுமக்கிறார்.

பிராம்ஸ் 1894-இல் எழுதிய இரண்டு கிளாரினெட் சொனாட்டாக்களைப் பாருங்கள். முதலாவது எஃப் மைனர். பியானோவுக்கு நான்கு ஃபிளாட். பி பிளாட் கிளாரினெட்டுக்கு அது ஜி மைனராகி இரண்டே ஃபிளாட். இரண்டாவதான இ பிளாட் மேஜரில் பியானோவுக்கு மூன்று, கிளாரினெட்டுக்கு ஒன்று. ஊதுபவரின் விரல் இலகுவாக, அவர் கவனமெல்லாம் மூச்சுக்கும் பாவத்துக்கும் போகிறது.

ஆனால் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் இசை வந்துவிடாது. கிளாரினெட் தாளின் நடுவில் ஏ-யிலிருந்து பி-க்கு ஏறும் இடம் ஒரு மேடு. பெரும்பாலும் திறந்திருந்த துளைகளை அடுத்த சுரத்துக்கு ஒரே நொடியில் மூட வேண்டும். மேட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள சுரங்களுக்கு இயல்பிலேயே குரல் மெலிவு. தேர்ந்த கை அங்கே பியானோவை ஒதுக்கி வழிவிடும். கிளாரினெட் அடிக்குரலுக்கு இறங்கும்போது பியானோவின் இடது கையையும் அடக்கி வைக்கும்.

தூத்துக்குடி வெயிலுக்கு இன்னொரு பாடமும் உண்டு. குழலுக்குள் காற்று சூடேறினால் சுருதி ஏறும். பியானோ கூடவே ஏறி வராது. ஊதுபவர் பேரல் மூட்டைச் சற்றே இழுத்துச் சுருதி சேர்க்க, நடுவில் நாலு பார் ஓய்வு விட்டு அங்கே பியானோவைத் தனியே பேசவிடுவது நல்ல எழுத்து.

இன்றைய கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் சுருதி மாறிவிடும், பிறகு எதற்கு இத்தனை பாடு என்று கேட்கலாம். பட்டன் கீபோர்டின் சுருதியைத்தான் நகர்த்தும். எந்தச் சுருதியில் எழுதினால் பாட்டின் உச்சம் கிளாரினெட்டின் மெலிந்த சுரங்களில் மாட்டாமல் நிறைந்த குரலில் விழும் என்பதை அது சொல்லாது. அதை அறிந்து எழுதுபவரே இந்தக் கலையில் தேர்ந்தவர்.