‘மூழ்கு’ என்னும் வினை: நேர்ப்பொருள், உருவகப் பொருள், வினைமுதல்

ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்து, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் எனக் கடலூர் வரை கரையோரம் வெள்ளத்தை எதிர்கொண்டது. இத்தகைய நாள்களின் செய்திமொழியில் ‘மூழ்கியது’ என்னும் ஒரு முற்றே பல பணிகளைச் செய்கிறது. வயல் மூழ்கியது; சாலை மூழ்கியது; ஊர் சோகத்தில் மூழ்கியது. முதலிரண்டு நேர்ப்பொருள், மூன்றாவது உருவகம் எனப் பிரித்து அமைவது நம் வழக்கம். அப்பிரிப்பு இவ்வினைக்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மணலூர்பேட்டையில் தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா நடைபெறும். அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக இங்கு எழுந்தருள்வார். அன்று ஆற்றில் மூழ்கி எழுவோர் தம் விருப்பத்தால் மூழ்குகின்றனர். அவர்களை நோக்கி ‘மூழ்கு’ என ஏவலாம். வயலை நோக்கி ஏவ இயலாது. ஆக, நேர்ப்பொருளுக்குள்ளேயே இரு வினைகள் உள்ளன. ‘முழுகு’ என்னும் பேச்சு வடிவம் முதல்வகையை நன்கு காத்துள்ளது. கருவுற்றவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பதும், உறவை அறுத்தலைத் ‘தலைமுழுகுதல்’ என்பதும் நீராடும் வினையிலிருந்து பிறந்தவை. பின்னதில் உருவகத்திலும் வினைமுதலின் விருப்பம் தெளிவாக நிற்கிறது.

‘சோகத்தில் மூழ்கியது’ இரண்டாம் வகையின் வழி வந்தது. இங்கு வேற்றுமை உருபு ஒரு நல்ல உரைகல். பயிர் வெள்ளத்தில் மூழ்கியது, வெள்ளத்தால் மூழ்கியது என இரண்டும் வழங்கும். ‘சோகத்தில் மூழ்கினாள்’ என்பது இயல்பு. ‘சோகத்தால் மூழ்கினாள்’ என எவரும் கூறார். உருவகம் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளை ஏற்று, மூன்றாம் வேற்றுமையின் கருவி, கருத்தாப் பொருள்களை விலக்கிவிடுகிறது. துயருக்கு அது பொருந்தும். ஆனால் செய்தியில் வெள்ளமும் பெரும்பாலும் ‘வெள்ளத்தில்’ என்றே வருகிறது. உருவகத்தின் இலக்கணம் நேர்ப்பொருளுக்குள் திரும்பிப் பாய்ந்துள்ளது எனலாம்.

அடகுக்கடை வழக்கு இதனினும் கூர்மையானது. மீட்கப்படாத நகை ‘மூழ்கிப்போகிறது’. நீரும் இல்லை, உள்ளத்து நிலையும் இல்லை. நகையை எடுத்துக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார். தொடரிலோ நகை தானே மூழ்குகிறது. கடன் கொடுத்தவரைச் சுட்டாமல் இழப்பை மட்டும் கூறும் இவ்வசதியைத் தன்வினை அளிக்கிறது. ‘வயல் மூழ்கியது’ என்பதும் இதற்கு அண்மையில் நிற்பதே.

2024இல் அணை திறப்புக்குரிய முன்னறிவிப்புப் போதுமானதா என்ற வாதம் சட்டமன்றம் வரை சென்றது. அவ்வாதத்தின் பொருளே வினைமுதல் யார் என்பதுதான். ‘மூழ்கடித்தது’ எனப் பிறவினையாக்கினால் தீரும் என்பாரும் உளர். தீராது, அங்கும் வினைமுதல் வெள்ளமே, மதகு அதற்குப் பின்னால் இருக்கிறது. இக்கட்டுரையின் முதல் தொடரும் ‘திறந்துவிடப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினையில் அமைந்ததை வாசகர் கவனித்திருக்கலாம்.

பேச்சுவழக்கில் ‘திறந்துவிட்டு முழுகடித்துவிட்டார்கள்’ என்பது இயல்பான தொடர். எழுவாய் இல்லை, எனினும் ‘ஆர்கள்’ என்னும் உயர்திணைப் பன்மை ஈறு மனிதரைச் சுட்டுகிறது. திறந்தது தவறா, அணையைக் காக்கத் திறந்தே ஆகவேண்டியிருந்ததா என்பதை அவ்வீறு கூறாது. கேட்பதற்கு ஆள் உண்டு என்பதை மட்டும் கூறும்.